மே 13-க்கு விடுமுறை இல்லை

பிரேசிலின் தேசிய விடுமுறைப் பட்டியலில் கார்னிவல் கிடையாது. இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். ஆனால் உண்மை அதுதான். கூட்டரசுச் சட்டப்படி கார்னிவல் திங்களும் செவ்வாயும் வெறும் ‘விருப்ப நாள்கள்’. அரசு அலுவலகங்கள் மூடிக்கொள்ளலாம். தனியார் முதலாளி மனமிருந்தால் லீவு கொடுக்கலாம், இல்லாவிட்டால் வேலைக்குக் கூப்பிடலாம். சில மாநிலங்களும் நகரங்களும் தங்கள் அளவில் சட்டம் போட்டு விடுமுறை ஆக்கிக்கொண்டன. மற்ற இடங்களில் சட்டமே இல்லாமல் கடை மூடுகிறது, பேங்க் மூடுகிறது, சாம்பல் புதன் மதியம் வரைக்கும் ஒரு நாடே வேலையை மறந்துவிடுகிறது.

சரி, பட்டியலில் இருக்கும் நாள்கள் எவை? ஏப்ரல் 21, போர்த்துகீசியர்களுக்கு எதிராகச் சதி செய்தார் என்று திராடெந்தெஸ் 1792இல் தூக்கிலிடப்பட்ட நாள். செப்டம்பர் 7, 1822இன் சுதந்திரம். நவம்பர் 15, 1889இன் குடியரசு. இந்தக் கடைசி நாள் எனக்கு ரொம்பப் பிடித்தது. ராணுவம் மன்னரை இறக்கிய அன்று ரியோ தெருக்களில் நின்ற மக்களுக்கு என்ன நடக்கிறதென்றே புரியவில்லை, பலர் ஏதோ அணிவகுப்பு என்று நினைத்துக்கொண்டார்கள் என்று அரிஸ்தீதெஸ் லோபோ அப்போதே பத்திரிகையில் எழுதினார். அவர் குடியரசை எதிர்த்தவர்கூட இல்லை, அதன் முதல் அமைச்சரவையில் இடம்பெற்றவர். ஆக, மக்கள் புரியாமல் வேடிக்கை பார்த்த நாளுக்கு லீவு உண்டு. மக்கள் தாங்களே இறங்கி ஆடும் நாளுக்கு இல்லை.

நான் வரலாறோ தத்துவமோ படித்தவன் அல்ல. உள்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மின்னியல் பொறியியல் முடித்துவிட்டு, தொழிற்சாலைகளுக்குக் கட்டுப்பாட்டு மென்பொருள் எழுதித் தரும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். திட்ட அட்டவணை போடுவது என் பொறுப்பு. யாருக்கு என்றைக்கு லீவு என்று பார்த்து எக்செல் கட்டங்களுக்குச் சாம்பல் நிறம் அடிக்க வேண்டும். எங்கள் குழுவில் பாதிப் பேர் பிரேசிலின் தெற்கே குரிச்சிபாவில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நமக்கும் 11 மணி நேர வித்தியாசம். 2024இல் அவர்கள் அனுப்பிய பட்டியலில் புதிதாக ஒரு வரி இருந்தது. நவம்பர் 20. ‘ஸும்பி மற்றும் கறுப்பின விழிப்புணர்வு தேசிய நாள்’.

அந்தக் குழுவில் இருக்கும் ஒரு தோழியிடம் விசாரித்தேன். ஸும்பி 1695இல் கொல்லப்பட்ட நாள், 329 வருஷம் கழித்து லீவு கிடைத்திருக்கிறது என்றாள். “அப்போ அடிமை முறை ஒழிஞ்ச நாள் எது? அதுக்கும் லீவு உண்டா?” என்று கேட்டேன்.

“அது மே 13. அன்னைக்கு வேலை உண்டு, மீட்டிங் போட்டுக்கோ” என்றாள்.

மே 13. மலேசியாவில் வளர்ந்தவனுக்கு அந்தத் தேதி காதில் விழுந்தால் வேறு எதுவும் நினைவுக்கு வராது. பல்கலைக்கழகத்தில் ‘இன உறவுகள்’ என்று ஒரு கட்டாயப் பாடம் இருந்தது. 1969 அதில் இரண்டு ஸ்லைடுகளில் முடிந்துவிடும். விரிவுரையாளர் அந்த இரண்டையும் வேகமாகத் தள்ளிவிட்டுப் போவார். ஒரு தேதியை எப்படி நினைப்பது என்று ஒரு நாடு தடுமாறுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதனால்தானோ என்னமோ, அதே தேதியை வைத்துக்கொண்டு வேறொரு நாடு வேறு விதமாகத் தடுமாறுவதை என்னால் சும்மா விட முடியவில்லை.

ஒரு மக்கள் கூட்டத்தை முந்நூறு வருடத்துக்கு மேல் அடிமையாக வைத்திருந்த நாடு அது. ஆப்பிரிக்காவிலிருந்து ஏறக்குறைய 48 லட்சம் பேர் அங்கே கொண்டுவந்து இறக்கப்பட்டார்கள். அமெரிக்கக் கண்டங்களில் வேறெந்த நாட்டிலும் இவ்வளவு பேர் இல்லை. அந்த மக்களின் சந்ததியினர், தங்களுக்குச் சட்டப்படி விடுதலை கிடைத்த நாளைத் தள்ளிவைத்துவிட்டு, தோற்றுப்போன ஒரு தலைவன் வெட்டிக் கொல்லப்பட்ட நாளைத் தங்கள் நாளாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஏன்? கொடுக்கப்பட்ட விடுதலையைக் கொண்டாடுவதில் என்ன தப்பு?

கொடுத்த விதத்திலிருந்து ஆரம்பிக்கலாம். 1888 மே 13, ஞாயிற்றுக்கிழமை. மன்னர் இரண்டாம் பெட்ரோ ஐரோப்பாவில் இருந்தார். அவருக்குப் பதிலாக ஆட்சி செய்துகொண்டிருந்த மகள் இசபெல், ‘தங்கச் சட்டம்’ என்று பின்னால் பெயர் வாங்கிய சட்டத்தில் கையெழுத்திட்டார். அதில் மொத்தமே இரண்டு பிரிவுகள். ஒன்று, இன்று முதல் பிரேசிலில் அடிமை முறை ஒழிந்தது. இரண்டு, இதற்கு முரணான எல்லா விதிகளும் ரத்து. அவ்வளவுதான். நிலம் இல்லை, கூலி பற்றி ஒரு வார்த்தை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, மறுநாள் காலையில் எங்கே தூங்கி எழுவார்கள் என்பது இல்லை. என் வேலையில் யாராவது இரண்டு வரியில் தேவைக் குறிப்பு அனுப்பினால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். இது ஏழு லட்சம் பேரின் வாழ்க்கை.

அந்த இரண்டு வரியின் பொருளை அந்த வாரமே எழுதிவைத்தவர் ஒருவர் உண்டு. மஷாடோ டி அசிஸ். அடிமைகளின் பேரன், பிரேசிலின் மிகப் பெரிய எழுத்தாளர். சட்டம் வந்து ஆறு நாள் கழித்து, மே 19 அன்று பத்திரிகையில் ஒரு பத்தி எழுதினார். அதைச் சொல்பவர் ஒரு கனவான். சட்டம் வரப்போகிறது என்று மோப்பம் பிடித்து, முந்திக்கொண்டு தன் அடிமைப் பையன் பன்கிராசியோவுக்கு விடுதலை கொடுக்கிறார். நண்பர்களைக் கூப்பிட்டு விருந்து, பேச்சு, கண்ணீர். மறுநாள் பையனிடம், நீ இப்போது சுதந்திரமானவன், எங்கே வேண்டுமானாலும் போகலாம், இங்கேயே இருந்தால் சின்னதாக ஒரு சம்பளம் தருகிறேன் என்கிறார். பையன் இருந்துவிடுகிறான். அதற்கும் மறுநாள் செருப்பைச் சரியாகத் துடைக்கவில்லை என்று அடி விழுகிறது. சுதந்திரமானவனுக்கும் அடி விழத்தான் செய்யும் என்று பையனும் புரிந்துகொள்கிறான், சந்தோஷமாகவே. கனவான் இந்தத் தர்ம காரியத்தைச் சொல்லித் தேர்தலில் நிற்கத் தயாராகிறார்.

எத்தனையோ ஆய்வு நூல்கள் இருக்கலாம். இந்த ஒரு பக்கம் எனக்குப் போதும். கொடுப்பவனுக்கு ஒரு விருந்தும் ஒரு பெயரும் கிடைத்துவிடுகிறது. வாங்கியவனிடம் மிஞ்சுவது நன்றி மட்டும். பன்கிராசியோ முறைத்திருந்தால்கூட நமக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் நன்றியோடு இருக்கிறான். அதுதான் உறுத்துகிறது.

குடியரசு வந்ததும் 1890இல் மே 13ஐத் தேசிய விடுமுறை ஆக்கினார்கள், ‘பிரேசிலியர்களின் சகோதரத்துவ நாள்’ என்று. அதே ஆண்டு டிசம்பரில், நிதியமைச்சர் ருய் பார்போசா, அடிமை முறை சம்பந்தப்பட்ட நிதித்துறைப் பதிவேடுகளை எரிக்கச் சொல்லி உத்தரவு போட்டார். பழைய முதலாளிகள் நஷ்டஈடு கேட்டு நெருக்கினார்கள், அவர்கள் கையில் ஆதாரம் கிடைக்கக் கூடாது என்பது காரணம் என்கிறார்கள். நியாயமான காரணமாகக்கூட இருக்கலாம். ஆனால் முதலாளியின் கணக்கு எரியும்போது கூடவே அடிமையின் பெயரும் எரிகிறது. சகோதரத்துவ நாளையும் நெருப்பையும் ஒரே வருடத்தில் ஒரே அரசு கொடுத்தது. பிறகு 1930இல் வார்காஸ் வந்து விடுமுறைகளைக் குறைத்தபோது மே 13 பட்டியலிலிருந்து விழுந்தது. திரும்பி வரவேயில்லை.

நவம்பர் 20ஐ முன்வைத்தவர்களில் முக்கியமானவர் ஒரு கவிஞர். தென்கோடி நகரமான போர்த்தோ அலெக்ரேவில் 1971இல், ராணுவ ஆட்சியின் இறுக்கமான நாள்களில், ஒலிவெய்ரா சில்வெய்ராவும் நண்பர்களும் ‘பால்மாரெஸ் குழு’ என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். மே 13இல் கொண்டாட என்ன இருக்கிறது என்பது அவர்கள் கேள்வி. அந்த ஆண்டு நவம்பர் 20 அன்று ஒரு சின்ன மன்றத்தில் ஸும்பிக்கு நினைவுக் கூட்டம் நடத்தினார்கள். 1978இல் நாடு தழுவிய கறுப்பின இயக்கம் அந்த நாளை எடுத்துக்கொண்டது.

பால்மாரெஸ் என்பது தப்பித்து ஓடிய அடிமைகள் வடகிழக்கு மலைக்காட்டில் கட்டிய குடியிருப்புகளின் கூட்டம். இன்றைய அலகோவாஸ் மாநிலம். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு தாக்குப்பிடித்தது, டச்சுக்காரர்களையும் போர்த்துகீசியர்களையும் எதிர்த்து. அதன் கதையில் என்னைப் பிடித்து நிறுத்துவது 1678ஆம் ஆண்டுதான். அப்போதைய தலைவர் கங்கா ஸும்பாவிடம் பெர்னாம்புகோ ஆளுநர் ஓர் ஒப்பந்தம் நீட்டினார். பால்மாரெஸில் பிறந்தவர்களுக்கு விடுதலையும் நிலமும் உண்டு. வெளியிலிருந்து ஓடிவந்தவர்களைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். கங்கா ஸும்பா ஒத்துக்கொண்டார். ஸும்பி மறுத்தார்.

அந்த மறுப்பின் அர்த்தத்தை யோசித்துப் பாருங்கள். ஸும்பி பால்மாரெஸில் பிறந்தவர் என்றுதான் சொல்கிறார்கள். அப்படியென்றால் ஒப்பந்தப்படி அவருக்கு விடுதலை உறுதி. அவர் மறுத்தது தனக்குக் கிடைக்கவிருந்ததை. ஒப்பந்தத்தை நம்பி இடம் மாறிப் போனவர்கள் இரண்டு வருடத்துக்குள் தாக்கப்பட்டு மறுபடியும் அடிமைகளானார்கள். மறுத்தவர்களின் தலைநகர் 1694இல் விழுந்தது, ஸும்பி மறு ஆண்டு காட்டிக்கொடுக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அவர் சாகாவரம் பெற்றவர் என்று ஜனங்கள் நம்பியதால் தலையை ரெசிஃபி நகரில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தார்கள். வாங்கிக்கொண்டவனும் அழிந்தான், மறுத்தவனும் அழிந்தான். விளைவை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாத இடம் இது. (பால்மாரெஸுக்குள்ளேயே அடிமைகள் இருந்தார்கள் என்று ஒரு வாதம் உண்டு. நவம்பர் 20ஐப் பிடிக்காதவர்கள் இதை உடனே எடுத்து நீட்டுவார்கள். வரலாற்றாசிரியர்கள் விவாதிக்கட்டும். குறையில்லாதவனுக்குத்தான் நினைவு நாள் என்றால் காலண்டரில் ஒரு தேதியும் மிஞ்சாது.)

இந்த இடத்தில் ஃபனோனை நினைக்காமல் இருக்க முடியாது. 1952இல் வந்த ‘கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்’ நூலில், ஹெகலோடு சண்டை போட்டுக்கொண்டே அவர் சொல்லும் ஒரு விஷயம் உண்டு. பிரெஞ்சுக் காலனிகளில் எஜமானன் ஒருநாள் அடிமையைப் பார்த்து இனி நீ சுதந்திரமானவன் என்று சொல்லிவிட்டான். அடிமை அதற்காகத் தன் உயிரைப் பணயம் வைக்கவில்லை. அதனால் விடுதலை வெளியிலிருந்து வந்து அவன்மேல் விழுந்தது, அவனுக்குள் எதுவும் மாறவில்லை என்பது அவர் வேதனை. போராடாமல் வந்த சுதந்திரத்தில் ஒருவன் முழு மனிதனாக முடியாது. படிக்கும்போது உடம்பு சிலிர்க்கும். இருபது வயதில் படித்தால் நிச்சயம் சிலிர்க்கும்.

ஆனால் எனக்கு இதில் இரண்டு இடறல்கள் உண்டு.

முதலாவது, பிரேசிலில் அது கொடுக்கப்பட்டது என்பதே ஒரு கதை. கையெழுத்துக்கு முன்னால் என்ன நடந்தது? 1881இல் வடக்கே ஃபோர்த்தலெசா துறைமுகத்தில், இனி எந்த அடிமையையும் எங்கள் கட்டுமரத்தில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோக மாட்டோம் என்று மீனவர்கள் மறுத்தார்கள். அவர்களில் ஒருவரான பிரான்சிஸ்கோ ஜோசே டோ நாசிமெந்தோவைப் பிறகு ‘கடலின் டிராகன்’ என்றே அழைத்தார்கள். சியாரா மாநிலம் 1884இலேயே, நாட்டுக்கு நான்கு வருடம் முன்னதாக, அடிமை முறையை ஒழித்துவிட்டது. சாவ் பாவ்லோவில் லூயிஸ் காமா இருந்தார். பத்து வயதில் பெற்ற தகப்பனாலேயே விற்கப்பட்டவர், பதினேழு வயதில் எழுத்துக் கற்றவர், சட்டம் படிக்காமலே நீதிமன்றத்தில் வாதாடி ஐந்நூறு பேருக்கு மேல் விடுவித்தவர். 1887இல் காப்பித் தோட்டங்களிலிருந்து அடிமைகள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். அவர்களைத் துரத்திப் பிடிக்கும் வேலையை எங்களிடம் கொடுக்காதீர்கள் என்று ராணுவ அதிகாரிகளே இசபெலுக்கு மனுப் போட்டார்கள். ஏற்கெனவே ஆட்டம் கண்டுவிட்ட சுவரைத்தான் அந்தக் கையெழுத்து கடைசியாகத் தொட்டது. ‘கொடுத்தார்’ என்ற வினைச்சொல் யாருடையது என்று கேட்க வேண்டும். செப்டம்பர் 7க்கும் இதே கதைதான். இளவரசர் ஓர் ஓடைக்கரையில் குதிரைமேலிருந்து வாளை உயர்த்தியதாக ஓவியத்தில் இருக்கிறது. ஆனால் பாஹியா மாநிலத்துக்காரர்களைக் கேட்டால், அதற்குப் பிறகும் சண்டை போட்டு 1823 ஜூலை 2 அன்றுதான் போர்த்துகீசியப் படை சால்வடோரை விட்டுப் போனது, அதுதான் எங்கள் சுதந்திர நாள் என்பார்கள். அன்று அங்கே ஊர்வலத்தில் வருவது இளவரசர் அல்ல, பூர்வகுடி ஆணும் பெண்ணுமாக இரண்டு மரச்சிலைகள். ஜனங்கள் அந்தத் தேரைத் தொட்டு வேண்டிக்கொண்டு காலடியில் சீட்டு எழுதி வைக்கிறார்கள். ராணுவ அணிவகுப்புக்கு யாரும் சீட்டு எழுதி வைப்பதில்லை.

இரண்டாவது இடறல் கொஞ்சம் கஷ்டமானது. மே 13ஐக் கொண்டாடியவர்கள் யார்? அரசு மட்டுமா?

பாஹியாவில் சாந்தோ அமாரோ என்று ஒரு சின்ன ஊர், கரும்புத் தோட்டங்களின் நடுவே. 1889 மே 13 அன்று, சட்டத்துக்கு ஒரு வருடம் நிறைந்தபோது, ஜோவாவ் டி ஓபா என்ற கண்டோம்ப்ளே பூசாரி தன் ஆள்களோடு ஊர்ச் சந்தையில் ஒரு கொட்டகை போட்டார். ஆப்பிரிக்கத் தெய்வங்களுக்கான மேளம், ஆட்டம், பூசை. அதுவரை மறைவாக, போலீஸுக்குப் பயந்து நடந்த சடங்கை நட்டநடுச் சந்தையில் வைத்தார். ‘பெம்பே டோ மெர்காடோ’ என்கிறார்கள். இன்றுவரை வருடா வருடம் நடக்கிறது. நடுவில் தடை செய்யப்பட்ட வருடங்களும் உண்டு. அப்போதெல்லாம் ஊருக்குக் கெட்டது நடந்ததாக அங்கே ஒரு நம்பிக்கை. 2019இல் அதைத் தேசியப் பண்பாட்டு மரபாக அறிவித்தார்கள்.

விழாவின் முடிவில் கூடை கூடையாகப் பூவும் வாசனைத் திரவியமும் காணிக்கையாகக் கடற்கரைக்குப் போகின்றன. யாருக்கு? இயெமான்ஜாவுக்கு, ஓஷூனுக்கு. கடலுக்கும் நன்னீருக்கும் உரிய தாய்த் தெய்வங்கள். இளவரசி இசபெலுக்கு அல்ல.

இதைப் படித்தபோது எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன். பன்கிராசியோவின் நன்றிக்கும் ஸும்பியின் மறுப்புக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. நாளை வாங்கிக்கொள்வது, நன்றியை வேறு முகவரிக்கு அனுப்பிவிடுவது. கடன் பட்டிருக்கிறோம், ஆனால் உன்னிடம் அல்ல. பரிசு கொடுத்தவன் எப்போதும் மேலே நிற்கிறான், திருப்பிக் கொடுக்க முடியாதவன் கீழே நிற்கிறான் என்று மானுடவியலில் மார்செல் மோஸிலிருந்து சொல்லிவருகிறார்கள். சாந்தோ அமாரோ மீனவர்களும் சந்தை வியாபாரிகளும் அந்தக் கணக்குக்குள் வரவேயில்லை. அவர்கள் திருப்பிக் கொடுக்கிறார்கள், கடலுக்கு.

குரிச்சிபா தோழியிடம் இதைச் சொன்னபோது, அவள் பாட்டி மே 13 அன்று காலையில் சர்க்கரை போடாத கறுப்புக் காப்பி ஒரு கோப்பை ஊற்றி மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் வைப்பாள் என்றாள். உம்பாண்டா மதத்தில் அந்த நாள் ‘பிரெத்தோ வெல்யோ’க்களுக்கு உரியது. அடிமைகளாகவே கிழடு தட்டிச் செத்துப்போன மூதாதையரின் ஆவிகள். சுருட்டும் புகைக்குழாயுமாக, முதுகு வளைந்து, குறைந்த உயரமுள்ள முக்காலியில் உட்கார்ந்து புத்திமதி சொல்பவர்கள். பணிவான அடிமை என்ற பிம்பத்தைத்தான் இது காப்பாற்றுகிறது என்று விமர்சிப்பவர்களும் உண்டு. தோழியும் அப்படித்தான் நினைக்கிறாள். பாட்டியிடம் அதைச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். பாட்டி, எதிர்த்து நின்றவனுக்கு மட்டும் காப்பி கொடுத்தால் மத்தவங்க எல்லாம் எங்கே போவாங்க என்று கேட்டிருக்கிறாள்.

ஃபனோனுக்கு அந்தப் பாட்டியிடம் என்ன பதில் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. லட்சக்கணக்கானவர்கள் ஓடவில்லை. ஓட முடியவில்லை, குழந்தை இருந்தது, கால் உடைந்திருந்தது, பயம். அவர்கள் வீரர்கள் இல்லை. அவர்கள் அனுபவித்ததற்கும் ஒரு தேதி வேண்டாமா? உயிரைப் பணயம் வைத்தவனுக்குத்தான் சுதந்திரம் முழுசு என்றால், மிச்சப் பேரின் சுதந்திரத்தை நாமே தரம் பிரித்துக் குறைத்து மதிப்பிடுகிறோம். அதை முதலாளி செய்தபோது ஒரு பெயர் வைத்தோம்.

அதே மஷாடோவிடம் திரும்பப் போக வேண்டியிருக்கிறது. பன்கிராசியோவை எழுதிய அதே மனிதர், ஐந்து வருடம் கழித்து 1893இல் இன்னொரு பத்தியில் அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைவுகூர்கிறார். நல்ல வெயில். எல்லோரும் தெருவுக்கு வந்தார்கள். கூட்டமென்றாலே ஒதுங்கி நத்தைபோலச் சுருண்டுகொள்ளும் தானும், திறந்த வண்டி ஒன்றில் ஏறி ஊர்வலத்தில் போனதாகச் சொல்கிறார். ஊரே மகிழ்ச்சியில் பைத்தியம் பிடித்ததுபோல் இருந்து, தான் பார்த்தது அந்த ஒரு நாள்தான் என்கிறார். அந்தச் சட்டம் எவ்வளவு ஓட்டை என்று அந்த வாரமே எழுதிக் காட்டியவர் அவர். தெரிந்தேதான் வண்டியில் ஏறியிருக்கிறார். இரண்டு பத்தியும் ஒன்றையொன்று ரத்து செய்வதாக எனக்குத் தோன்றவில்லை.

1988இல் சட்டத்துக்கு நூறு வயது. அந்த வருட கார்னிவலில், அரசு விழாக்களுக்கு மூன்று மாதம் முன்பே, ரியோவின் சாம்பா பள்ளிகள் விவாதத்தை முடித்துக்கொண்டன. சாம்பா பள்ளி என்றால் பாடம் நடத்தும் இடமல்ல. குன்றுச் சேரிகளிலும் புறநகர்களிலும் இருக்கும் மக்கள் வருடம் முழுக்கத் தைத்து, கொட்டி, ஒத்திகை பார்த்து, ஆயிரக்கணக்கில் அணிவகுக்கும் மன்றங்கள். நீமேயர் வடிவமைத்து 1984இல் திறந்த சாம்பா அரங்கச் சாலையில், நடுவர்கள் மதிப்பெண் போடப் போட்டி நடக்கும். மங்கெய்ரா பள்ளி ‘நூறு ஆண்டுச் சுதந்திரம்: நிஜமா, மாயையா?’ என்ற தலைப்பில் வந்தது. விலா இசபெல் பள்ளி ‘கிஸோம்பா’ என்று வந்தது, ஸும்பியை முன்னால் வைத்து, இது எங்கள் இனத்தின் திருவிழா என்று. அவர்களிடம் காசில்லை. வைக்கோலும் நாரும் மலிவுத் துணியும்தான் ஆடை. அந்தப் பள்ளியின் பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே இளவரசி இசபெலால்தான் என்பது தனி வேடிக்கை. விலா இசபெல் ஜெயித்தது, மங்கெய்ரா இரண்டாவது. கேள்வியைவிடத் திருவிழா ஒரு படி மேலே என்று நடுவர்கள் நினைத்தார்கள்போல. வென்றவர்கள் மறுபடி அணிவகுக்கும் நாள் அந்த வருடம் ரியோவைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தால் ரத்தானது. ஆகவே கிஸோம்பாவை ஆடியது ஒரே ஒரு முறைதான்.

இவ்வளவும் நடந்தது பட்டியலில் இல்லாத ஒரு விடுமுறையில்.

2023 டிசம்பரில் நவம்பர் 20 தேசிய விடுமுறை ஆனது. அதற்கு முன் ஆறு மாநிலங்களும் ஆயிரத்துக்கு மேற்பட்ட நகராட்சிகளும் தனித்தனியாக அறிவித்திருந்தன. குரிச்சிபாவில் நகர மன்றம் அறிவித்தும், வியாபாரச் சங்கங்கள் வழக்குப் போட்டு 2013இல் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. ஒரு நாள் உற்பத்தி போய்விடுமாம். என் அட்டவணை மொழியில் சொன்னால் எட்டு மணி நேரம். ஒரு மனிதனின் நினைவை எட்டு மணி நேரமாக மாற்றிக் காட்டினால் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். இதைச் சொல்லும் நானும் அதே கட்டங்களில்தான் சாம்பல் நிறம் அடிக்கிறேன்.

கேட்டு, போராடி, ஐம்பது வருடம் காத்திருந்து எடுத்துக்கொண்ட நாளும் கடைசியில் ஓர் அதிபரின் கையெழுத்தோடுதான் வருகிறது. அதுவும் இப்போது ‘கொடுக்கப்பட்ட’ நாள் ஆகிவிட்டதா? அப்படிக் கவலைப்படுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். முதல் வருடமே நீண்ட வார இறுதிக்கான விளம்பரங்கள் வந்துவிட்டன என்று தோழியும் அலுத்துக்கொண்டாள். எனக்கு அந்தக் கவலை அவ்வளவாக இல்லை. சந்தையில் கொட்டகை போடத் தெரிந்தவர்கள் லீவு நாளையும் பார்த்துக்கொள்வார்கள்.

எனக்கு இருக்கும் கேள்வி வேறு. சால்வடோர் கார்னிவலில் பாட்டுக்காரர்கள் பெரிய லாரியின் மேல் நின்று பாடிக்கொண்டே போவார்கள். 1950இல் டோடோ, ஓஸ்மார் என்ற இரண்டு பேர் பழைய ஃபோர்டு கார் ஒன்றில் ஒலிபெருக்கி கட்டி ஆரம்பித்த வழக்கம். லாரியைச் சுற்றி ஒரு பெரிய கயிறு. கட்டணம் கட்டி, அதற்கான சட்டையைப் போட்டவர்கள் கயிற்றுக்கு உள்ளே ஆடலாம். மற்றவர்கள் வெளியே நெருக்கியடித்துக்கொண்டு இலவசமாக ஆட வேண்டும். வெளியே இருப்பவர்களுக்குச் ‘சோளப்பொரி’ என்று பெயர், குதிப்பதால். இப்போது கயிறு இல்லாத லாரிகளும் வருகின்றன. ஆனால் கயிறு இருக்கும் இடத்தில் அது தானாக நிற்காது. நூற்றுக்கணக்கான ஆள்கள் மணிக்கணக்கில் அதைப் பிடித்துக்கொண்டு, லாரியின் வேகத்துக்கு நடந்துகொண்டே, உள்ளே தள்ளுபவர்களையும் வெளியே தள்ளுபவர்களையும் உடம்பால் தாங்க வேண்டும். ‘கோர்தெய்ரோ’ என்பார்கள், கயிற்றுக்காரர். பெரும்பாலும் கறுப்பினத்தவர், பெண்களும் நிறைய. தினக்கூலி. கையுறையும் காதடைப்பானும் குடிதண்ணீரும் கேட்டு அவர்கள் போராட வேண்டியிருந்தது.

உள்ளே ஒரு கொண்டாட்டம், வெளியே ஒரு கொண்டாட்டம். கயிற்றின் மேலேயே நிற்பவர் எந்தப் பக்கம்? அவருக்கு நவம்பர் 20 அன்று லீவு உண்டா என்று பார்த்தால், முறையான வேலைப் பத்திரம் இருப்பவருக்குத்தான் சம்பளத்தோடு லீவு. பதிவில்லாத வேலை செய்பவர்களில் கறுப்பினத்தவர் விகிதம்தான் அங்கே அதிகம். அவர்கள் அன்று கடற்கரையில் பெட்டியில் ஐஸ் போட்டு பீர் விற்றுக்கொண்டிருப்பார்கள். குடித்துப் போட்ட டின்களைப் பொறுக்க இன்னொரு கூட்டம் பின்னால் வரும். பிரேசிலில் விற்கும் அலுமினிய டின்களில் 95 விழுக்காட்டுக்கு மேல் மறுசுழற்சிக்குப் போகின்றன. உலகத்திலேயே உச்சமான எண்களில் ஒன்று, பொறியாளர்கள் மாநாட்டில் கைதட்டு வாங்கும் எண். அந்த எண்ணைக் காலால் மிதித்து, தட்டையாக்கி, மூட்டையில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். விடுமுறை நாளில் டின் அதிகம் கிடைக்கும்.